கருமைக்குள் மூச்சுவிடும் தாள்: எட்சிங் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ என்ற எட்சிங்கை (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் ஓவியம்) வெளியிட்டு, அதற்கு அரைப்பக்க அறிமுகமும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி நின்றன. வெறும் கோடுகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பவருடைய மனநிலையை எப்படி மாற்றுகிறது என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: ‘மூன்று மரங்கள்’ படத்தைப் பார்த்தபோது மழை வருவதற்கு முன்னால் உண்டாகும் புழுக்கமும் இனம்புரியாத கலக்கமும் மனத்தில் எழுந்தன. அதே காட்சியைப் பேனாவால் வரைந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்குமா? எட்சிங் கோட்டுக்கும் பேனாக் கோட்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: நீங்கள் சொல்லும் அந்தப் புழுக்கத்தில் பாதி, கோடு பிறக்கும் முறையிலேயே இருக்கிறது. நன்றாக மெருகேற்றிய செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பரப்பி, அந்தப் பூச்சை மட்டும் கீறும்படி ஊசியால் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு விலகிச் செம்பு வெளித்தெரியும் இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு பூச்சைக் களைந்து, தகடு முழுவதும் மையை அப்பித் துடைத்தால் மேற்பரப்பு பளிச்சென்று வெளுத்துவிடும், மை பள்ளங்களில் மட்டும் தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து, கம்பளி போர்த்தி, உருளை அழுத்துபொறியில் செலுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி அங்கிருக்கும் மையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு வெளியே வரும். ஓலைச்சுவடியை அறிந்தவர்களுக்கு இதில் பாதி புதிதன்று. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து துலங்கும். நம்மவர்கள் அதை மையாடல் என்றார்கள். அந்த ஓலையிலிருந்து ஒரு தாளுக்குப் படியெடுக்க முடிந்திருந்தால் அது எட்சிங்கின் நெருங்கிய உறவாக இருந்திருக்கும்.

இந்த முறையால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, அச்சான தாளில் ஒவ்வொரு கோடும் மிகச் சிறிய வரப்பைப் போலச் சற்றுப் புடைத்து நிற்கிறது. பேனா மை தாளில் ஊறிப் படிந்துவிடும், எட்சிங் மைக்கோ உடம்பு உண்டு. அதனால்தான் அந்தக் கருமை கனமாகத் தெரிகிறது. இரண்டாவது, கோட்டின் போக்கைக் கை முடிவு செய்கிறது, கோட்டின் கருமையை அமிலத்தில் தகடு கிடந்த நேரம் முடிவு செய்கிறது. மெழுகைக் கீறுவதற்கு ஊசியை அழுத்த வேண்டியதில்லை என்பதால் கை எழுதும்போது ஓடுவது போலத் தடையின்றி ஓடலாம். அப்படி ஓடிய கோடு அரை மணி நேரம் அரிபட்டு வந்தால், விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் பெரிய கனத்துடன் திரும்பி ஒலிப்பது போல இருக்கும். அவசரமும் ஆழமும் ஒரே கோட்டில் சேர்வது பேனாவுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். அது ஏறத்தாழ 21 செ.மீ. உயரமும் 28 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. அதில் பெரும்பகுதி வானம். அந்த வானத்தில் மூன்று விதமான கோடுகள் இருக்கின்றன. இடது மேல்மூலையில் கோல் வைத்து இழுத்தது போன்ற விறைப்பான சாய்கோடுகள் மழையாக இறங்குகின்றன. நடுவில் மேகங்கள் சுருண்டு புரளும் கோடுகளாக இருக்கின்றன. வலப்பக்கம், மரங்களின் பின்னால், ஏறக்குறைய கோடே இல்லை. வெறும் தாள்தான் அங்கே ஒளியாகிறது. மரங்கள் அந்த வெளிச்சத்தின் முன் கருத்து நிற்கின்றன. புயல் வருகிறதா, போகிறதா என்று படம் சொல்லவில்லை. கோடுகளின் திசை ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருப்பதால் கண்ணும் எந்தப் பக்கமும் சாய்ந்து ஓய முடிவதில்லை. நீங்கள் உணர்ந்த கலக்கம் அந்த ஓய்வின்மைதான் என்று நினைக்கிறேன். முந்தைய ஆண்டில் ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா இறந்ததை இந்தப் படத்தோடு இணைத்துப் படிப்பவர்கள் உண்டு. இணைக்கலாம், ஆனால் அந்தச் செய்தி தெரியாமலேயே உங்களுக்குக் கலக்கம் வந்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

மதுரையிலிருந்து ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவர்: நான் துத்தநாகத் தகட்டில் எட்சிங் செய்கிறேன். நிழல் வேண்டிய இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக எவ்வளவு கோடு போட்டாலும் ஒன்று சேறு போல ஆகிறது, அல்லது எதிர்பாராமல் வெளுத்துப்போகிறது. காரணம் என்ன?

பதில்: வெளுத்துப்போவதன் காரணத்தை நான் ஒரு தகட்டை இழந்துதான் கற்றுக்கொண்டேன். மாணவப் பருவத்தில் மாலை நேரத்துக் கிணற்றடி ஒன்றை வரைந்தேன். கிணற்றின் உட்புறம் படத்திலேயே மிகக் கருமையான இடமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஊசி நுழைய இடமில்லாத அளவுக்கு அங்கே கோடுகளை நெருக்கி, மற்ற பகுதிகளையெல்லாம் வார்னிஷால் மறைத்துவிட்டு, நைட்ரிக் அமிலத்தில் நெடுநேரம் கிடத்தினேன். கோடுகளிலிருந்து எழும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டே பக்கத்தில் நின்றிருந்தேன். அச்செடுத்துத் தாளை உரித்துப் பார்த்தபோது, கிணற்றின் விளிம்பு மட்டும் கறுப்பாகவும் உள்ளே முழுவதும் சாம்பல் பூத்தது போலவும் இருந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த உலோகச் சுவர்களை அமிலம் தின்றுவிட்டதால் பல பள்ளங்கள் சேர்ந்து ஒரே அகலமான குழியாகிவிட்டன. குழி அகலமானால் துடைக்கும் துணி அதற்குள் இறங்கி மையை வழித்தெடுத்துவிடும். மையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் தாளில் வெள்ளை இடைவெளியாகப் பதிகிறது. கருமை நிற்க வேண்டுமானால் அதற்குள் வெள்ளை இருந்தே ஆக வேண்டும் என்பது எட்சிங்கில் வெறும் அழகியல் கருத்தாக இல்லாமல் உலோகத்தின் இயல்பாகவே இருக்கிறது. இந்தக் கலையில் என்னை ஈர்த்து வைத்திருப்பது முதன்மையாக இந்த உண்மைதான்.

சேறாவதன் காரணம் வேறு. நீங்கள் எல்லாக் கோடுகளையும் ஒரே ஆழத்தில் அரித்து, எண்ணிக்கையால் மட்டும் நிழலைக் கூட்டப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாக் கோடும் ஒரே குரலில் பேசினால் இரைச்சல்தான் மிஞ்சும். முதலில் ஒரு சோதனைப் பட்டையில் ஒரே மாதிரியான கோட்டுக் கற்றைகளை வரைந்து 2, 4, 8, 16, 32 நிமிடங்கள் என்று இரட்டித்துக்கொண்டே போய் அரித்து, அச்செடுத்து, உங்கள் மேசைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். அமிலத்தின் வலிமை, அறையின் வெப்பம், தகட்டின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப முடிவு மாறும் என்பதால் பிறருடைய பட்டை உங்களுக்குப் பயன்படாது. பிறகு படத்தில் தொலைவில் உள்ளவற்றையும் ஒளிபடும் இடங்களையும் முதலில் அரித்து, மறைப்பு வார்னிஷ் பூசி நிறுத்திவிட்டு, மீதியை மறுபடியும் அமிலத்தில் இடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், ஒரே இடத்தில் மெல்லிய கோடும் ஆழ்ந்த கோடும் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும். அப்போது நிழலுக்குள் முன்னும் பின்னும் உண்டாகும்.

இதற்குப் பாடமாக ரெம்பிராண்ட் 1647இல் செய்த யான் சிக்ஸின் உருவப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர் ஒருவர் சன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று கையிலுள்ள தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். அறை முழுவதும் கருக்கல். ஆனாலும் அந்தக் கருக்கலில் திரைச்சீலையும் நாற்காலியும் சுவரில் மாட்டிய படமும் அதனதன் துணியாகவும் மரமாகவும் பிரிந்து தெரிகின்றன. ஏனென்றால் ஒவ்வொன்றின் கோட்டுத் திசையும் நெருக்கமும் வேறு வேறு. எட்சிங் கோடு போதாத இடங்களில் அமிலமின்றிச் செம்பையே நேரடியாகக் கீறும் உலர் ஊசியையும் செதுக்குளியையும் அவர் சேர்த்துக்கொண்டார். வெளிச்சம் படிப்பவரின் முகத்திலும் தாள்களிலும் விழுகிறது. ஒருவர் தனியாகப் படிக்கும்போது அறையில் நிலவும் அமைதியை நான் வேறெந்தப் படத்திலும் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

புதுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு அச்சுகள் முற்றிலும் வேறுபட்ட உணர்ச்சியைத் தரக்கூடும் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அச்சு என்றால் ஒன்றைப் போல ஒன்று இருப்பதுதானே?

பதில்: நூல் அச்சிடுவதை மனத்தில் வைத்தால் நீங்கள் கேட்பது சரிதான். ஆனால் எட்சிங் கலைஞருக்குத் தகடு முடிந்துபோன பொருளன்று. சில படிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத கோடுகளைச் சுரண்டி, மழுக்கித் தேய்த்து, புதிய கோடுகளைச் சேர்த்து மீண்டும் அச்செடுக்கலாம். அப்படி மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்று குறிப்பிடுவார்கள். இதற்கு ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ படத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அதை அமிலமின்றி, ஊசியால் செம்பையே நேரடியாகக் கீறும் உலர் ஊசி முறையிலும் செதுக்குளியாலும் செய்தார். ஊசி செம்பை உழும்போது இருபுறமும் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பற்றிக்கொள்வதால் கோடு வெல்வெட்டுத் துணியின் ஓரத்தைப் போலக் கசிந்த கருமையாகப் பதியும். அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு விரைவில் நசுங்கிவிடும் என்பதால் நல்ல படிகள் கொஞ்சந்தான் கிடைக்கும்.

மூன்றாம் நிலையில் அவர் கையொப்பமிட்டு 1653 என்று ஆண்டையும் பொறித்திருக்கிறார். அதுவரையிலான நிலைகளில், வானத்திலிருந்து ஒளி அகன்ற கூம்பாக இறங்கி நடுச் சிலுவையையும் கீழே திரண்டிருக்கும் கூட்டத்தையும் குளிப்பாட்டுகிறது. அழுகிறவர்கள், மண்டியிடுகிறவர்கள், அஞ்சி ஓடுகிறவர்கள் என்று ஒவ்வொருவரையும் பிரித்துப் பார்க்கலாம். அது பலர் கண்ட ஒரு நிகழ்ச்சியின் படம். சில ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் 1660ஐ ஒட்டி என்று கருதப்படுகிறது, அதே தகட்டை அவர் மறுபடியும் கையிலெடுத்தார். கூட்டத்தில் பலரைத் தேய்த்து அழித்தார். மேலிருந்து கீழாக நீண்ட, இரக்கமற்ற நேர்கோடுகளைத் திரை விழுவது போல இழுத்தார். வலப்பக்கச் சிலுவை ஏறத்தாழ இருளில் மூழ்கிவிடுகிறது. உயர்ந்த தொப்பி அணிந்த குதிரைவீரன் ஒருவன் புதிதாக வந்து நிற்கிறான். அவனுடைய உருவத்தை இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோவின் பதக்கம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். நண்பகலில் தொடங்கி மூன்று மணி நேரம் நாடெங்கும் இருள் சூழ்ந்ததாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. முதல் நிலைகளில் அந்த இருள் வந்துகொண்டிருக்கிறது. நான்காம் நிலையில் வந்துவிட்டது. முன்பு பக்கத்தில் நின்று பார்த்த நாம் இப்போது தட்டித் தடவிக்கொண்டு நிற்கிறோம்.

முதல் நிலைப் படிகள் சிலவற்றை அவர் தாளில் எடுக்காமல் பதப்படுத்திய கன்றுத்தோலில் எடுத்திருக்கிறார். தோல் மையைத் தாளைப் போல உறிஞ்சுவதில்லை. மை மேற்பரப்பிலேயே சற்றுப் பரவி நிற்பதால் கோடுகளின் ஓரம் மென்மையாகிவிடுகிறது. ஆகவே தகடு அதுவாகவே இருக்க, தாங்கும் பொருள் மாறினாலே துயரத்தின் தன்மை மாறிவிடுகிறது. இரண்டு நிலைகளில் எது சிறந்தது என்று கேட்டால், நான்காம் நிலையைத்தான் சொல்வேன். ஆனால் முதல் நிலைகளைப் பார்க்காத ஒருவருக்கு அது முழுமையாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்வேன், ஏனென்றால் அங்கே மறைந்தவர்கள் யார் யார் என்று தெரிந்திருந்தால்தான் அந்த இருள் நெஞ்சை அழுத்தும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: கோடுதான் எட்சிங்கின் உயிர் என்கிறீர்கள். ஸ்பானிய ஓவியர் கோயாவின் படங்களில் கோடே இல்லாமல் பரந்த சாம்பல் நிற நிழல்கள் இருக்கின்றனவே, அவை எப்படி வந்தன?

பதில்: அவை அக்வாடின்ட் என்னும் முறையால் வந்தவை. தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூசியாகப் படியவிட்டு, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளை மட்டும் அரிக்கும். அச்சில் அது நெருக்கமான பொடிப்புள்ளி நிழலாக, கழுவிவிட்ட நீர்வண்ணம் போலத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்த நிழலெங்கும் கண்ணுக்குத் தட்டாத வெள்ளைப் பொட்டுகள் இருப்பதைக் காணலாம். மதுரை மாணவருக்குச் சொன்ன சுவர் இங்கே துகளாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோயாவின் ‘கப்ரிச்சோஸ்’ வரிசையில் 80 படங்கள் இருக்கின்றன. 1799 பிப்ரவரி 6 அன்று மாட்ரிட் நாளிதழ் ஒன்றில் விளம்பரம் செய்து, அவர் குடியிருந்த தெருவிலேயே வாசனைப் பொருள்களும் மதுவும் விற்ற கடை ஒன்றில் 320 ரியால் விலைக்கு அவற்றை விற்பனைக்கு வைத்தார்கள். அந்த வரிசையின் 43ஆம் படத்தில் ஒருவர் மேசையில் கவிழ்ந்து உறங்குகிறார். அவருக்குப் பின்னால் ஆந்தைகளும் வௌவால்களும் சிறகடிக்கின்றன. உறங்குபவரின் உடல் கோடுகளால் ஆனது, பின்னாலுள்ள இருள் அக்வாடின்ட்டால் ஆனது. கோடு விழித்திருக்கும் அறிவைப் போல எல்லைகளைக் காட்டுகிறது, எல்லையற்ற சாம்பல் அதைச் சூழ்ந்துகொள்கிறது. பறவைகள் நெருங்க நெருங்கத் தெளிவாகவும், விலக விலக அந்தச் சாம்பலில் கரைந்தும் போகின்றன. எத்தனை பறவைகள் என்று எண்ணி முடிக்க இயலாததுதான் அங்கே அச்சம்.

அதே வரிசையின் 32ஆம் படம் இன்னும் துணிச்சலானது. சிறையில் தனியே உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணை அதில் ஒரு கோடு கூட இல்லாமல் அக்வாடின்ட்டாலேயே படைத்திருக்கிறார். அவளுக்கும் அறைக்கும் நடுவே வரம்பு என்று எதுவும் இல்லை. நிழல் ஓரிடத்தில் சற்று வெளுத்தால் அது அவள், அடர்ந்தால் அது சுவர். சிறைப்பட்டவரை இதைவிட நேரடியாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘போரின் கொடுமைகள்’ வரிசையைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1810 முதல் 1820 வரை அவர் செய்த அந்தத் தகடுகள் அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் நூல்வடிவில் வெளியாயின. அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த சோதனைப் படிகளில் மை சுத்தமாகத் துடைக்கப்பட்டு, உடல்களைச் சுற்றியிருக்கும் வெறும் தாள் கண்ணைக் கூசவைக்கும். 1863இன் பதிப்பில் அக்காலத்து வழக்கத்தின்படி தகட்டில் மையின் மெல்லிய படலத்தை விட்டுவைத்து அச்சிட்டதால், அந்தக் கடுமையான வெள்ளை மங்கிப் படங்கள் இதமாகிவிட்டன. போர்க்களத்தின் உச்சி வெயில் அந்திப் பொழுதாக மாறியது போலத்தான் அது. இருளால் மட்டுமே அச்சத்தைக் காட்ட முடியும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் தகட்டில் மைப்படலத்தை விட்டுவைப்பது தவறான வேலையா?

பதில்: இல்லை. யார், எந்தப் படத்துக்காக விட்டுவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879 செப்டம்பரில் லண்டனிலுள்ள ஓர் ஓவிய விற்பனை நிறுவனத்துக்காக 12 எட்சிங்குகள் செய்துவர வெனிஸ் நகரத்துக்குச் சென்றார். மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவர் 14 மாதங்கள் தங்கி, ஏறத்தாழ 50 தகடுகளைச் செய்தார். அவற்றில் ‘நாக்டர்ன்’ என்ற இரவுக் காட்சியில் தகட்டில் உள்ள கோடுகள் மிகச் சொற்பம். தொலைவில் கரையும் கட்டடங்களும் ஒரு கப்பலும் சில நீர்க்கோடுகளும்தான். இரவு முழுவதையும் அவர் துடைக்கும் கையாலேயே கொண்டுவந்தார். ஒரு படிக்கு மையைக் கூடுதலாக விட்டால் நள்ளிரவு, இன்னொன்றுக்கு நன்றாகத் துடைத்தால் விடியற்காலை. இப்படி ஒவ்வொரு படியும் தனித்தனிப் பொழுதாக இருப்பதால்தான் பெரும்பாலான படிகளை அவரே தம் கையால் அச்செடுத்தார். கோயாவின் தகடுகளில் பிறர் இட்ட படலம் அவர் பேச்சை மழுக்கியது. விஸ்லரின் தகட்டில் அந்தப் படலந்தான் பேச்சு.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: நிறமில்லாதது ஒரு குறையாகத் தோன்றவில்லையா?

பதில்: எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் நிறத்தை நாடியவர்களும் இருந்தார்கள். ரெம்பிராண்டுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஹெர்குலிஸ் சேகர்ஸ் என்ற டச்சுக் கலைஞர் நீலம், பச்சை போன்ற நிற மைகளால் சாயமேற்றிய தாளிலும் துணியிலும் அச்சிட்டு, ஒரே பாறை நிலத்தை வெவ்வேறு உலகங்களாக்கினார். ரெம்பிராண்ட் அவருடைய படைப்புகளைச் சேர்த்து வைத்திருந்ததோடு, அவருடைய தகடு ஒன்றை வாங்கி அதிலிருந்த பெரிய உருவங்களை அழித்து வேறு படமாக்கியும் இருக்கிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: ஐரோப்பியரைப் பற்றியே சொல்கிறீர்கள். நம் துணைக்கண்டத்தில் இந்தக் கலையை இந்த ஆழத்தில் கையாண்டவர்கள் உண்டா?

பதில்: உண்டு. சாந்திநிகேதனில் பயின்ற முகுல் டே 1916இல் தாகூருடன் ஜப்பானுக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சிகாகோவில் எட்சிங் கற்றார். அச்சோவியம் கற்பதற்காக வெளிநாடு சென்ற முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். வங்காளத்து ஆற்றங்கரைகளையும் உழைக்கும் மக்களையும் அவர் மெல்லிய உலர் ஊசிக் கோட்டில் பிடித்தார். அந்தக் கோட்டில் வருத்தத்தைக் காட்டிலும் வாஞ்சை மிகுதி.

நிழலைப் பற்றிய நம் பேச்சுக்கு அவரைவிட நெருக்கமானவர் சோம்நாத் ஹோர். 1921இல் பிறந்த அவர் இளமையில் 1943இன் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்தவர். பல ஆண்டுகள் எட்சிங்கில் தோய்ந்த பிறகு, 1970களில் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். அதில் மை அறவே இல்லை. களிமண் பலகையில் கீறியும் குத்தியும் உண்டாக்கிய வடுக்களைச் சிமெண்டில் வார்த்தெடுத்து, அதன்மேல் காகிதக் கூழைப் படியவைத்து உலர்த்தி எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளை வடுக்கள். அறையின் விளக்கு பக்கவாட்டிலிருந்து விழும்போது வடுவின் விளிம்பு தன் நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. விளக்கு நகர்ந்தால் காயமும் நகர்கிறது. அமிலம் உலோகத்தைத் தின்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருந்த ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

தமிழகத்தில், 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் அச்சோவியத்தையே தம் முதன்மை ஊடகமாகக் கொண்டவர். பறத்தலும் இயக்கமும் அவருடைய கோட்டின் பொருளாக இருப்பதால், இருளின் கனத்தைத் தேடிச் செல்பவருக்கு அவரிடம் வேறொன்று கிடைக்கும். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது. அழுத்துபொறியையும் தகட்டையும் பக்கத்தில் நின்று பார்க்க விரும்புவோர் அங்கு விசாரிக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ‘மூன்று மரங்கள்’ படத்தின் வலது கீழ்மூலைப் புதருக்குள் காதலர் இருவர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வீட்டில் நான்கு பேர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. மீன் பிடிப்பவர் மட்டும் தெரிகிறார்.

பதில்: குறை உங்கள் கண்ணில் இல்லை, நம் இதழின் அச்சில் இருக்கிறது. ஆஃப்செட் அச்சு எந்த நிழலையும் தன் புள்ளிகளாக உடைத்துவிடும். கோடுகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை வெள்ளை அந்தப் புள்ளிகளுக்குள் அடைபட்டுப்போனதால், புதர் வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டது. ரெம்பிராண்ட் அவர்களை இருளால் மறைத்தார். நாம் அவர்களை அச்சு மையால் மூடிவிட்டோம்.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் இந்தப் படத்தை மிக நுண்ணிய தெளிவுடன் கட்டணமின்றி வைத்திருக்கிறது. கைப்பேசியைவிடக் கணினித் திரை நல்லது. திரையின் ஒளியைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, முதலில் படம் முழுவதையும் சில நிமிடங்கள் பாருங்கள். பெரிதாக்க அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் படத்தின் உண்மையான அளவு ஒரு பள்ளிக்கூட நோட்டைவிடச் சற்றுத்தான் பெரிது. அதைக் கையில் பிடித்துப் பார்ப்பவரின் தொலைவுக்காகவே அந்தக் கோடுகள் இடப்பட்டன. இடப்பக்க நீர்க்கரையில் மீன் பிடிப்பவரும் அவர் பக்கத்தில் ஒரு பெண்ணும் தெரிவார்கள். பிறகு கண்ணை வலப்பக்கம் மேட்டின்மேல் கொண்டுபோனால், வானத்து வெளிச்சத்தில் சிறிதாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைக் காண்பீர்கள். அவர் மரங்களையும் புயலையும் பார்க்காமல் வேறு திசையில் திரும்பியிருக்கிறார்.

இனி அவருக்கு நேர் கீழே இறங்கி வாருங்கள். புதரின் கோடுகள் எல்லாப் பக்கமும் வளைந்து பின்னிக் கிடக்கும். அவற்றுக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடுகள் புதரின் போக்கை விட்டுவிட்டுத் தலையின் வட்டமாகவும் தோளின் சரிவாகவும் திரும்புவதைக் கவனியுங்கள். முதலில் ஒரு முகம் பிடிபடும். அது பிடிபட்ட பிறகு மற்றவரைத் தேட வேண்டியிராது.